பொறு அண்ணனும் பன்னிரண்டு டீம்களும்

மரக்காணத்திலேயே அவசரம் பிடித்த மனிதர் யார் என்று கேட்டால், பஸ் ஸ்டாண்டிலிருந்து உப்பளம் வரைக்கும் ஒரே பெயரைத்தான் சொல்வார்கள்: பொறு.

கொதிக்கிற டீயை ஆற விடமாட்டார். பஸ் நிற்பதற்கு முன்பே இறங்கி, அதோடு சேர்ந்து நாலடி ஓடுவார். ஒருமுறை சலூனில் பாதி மீசை எடுத்ததும், "மீதி நாளைக்கு" என்று எழுந்து போய்விட்டாராம். உப்பளத்தில் மோட்டார் போட்டுப் பாத்திக்குத் தண்ணீர் விடுவதுதான் அவர் வேலை. பாத்தி காயும்வரை அசையாமல் காத்திருப்பார்; அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் வேறு ஆள்.

பொறு என்ற பட்டப்பெயர் பிறந்த இடம் ஜோசப் அண்ணனின் பிரௌசிங் சென்டர். நாலு கம்ப்யூட்டர், ஒரு ஃபேன். இரண்டாயிரத்து ஐந்தில் கொட்டிய மழையில் உப்பளம் முழுக்கத் தண்ணீர். மூன்று மாதம் யாருக்கும் வேலை இல்லை. டிகிரி முடித்துவிட்டு எனக்கும் வேலை இல்லை. அப்போது பொறு எங்களுக்குக் காட்டியதுதான் அந்த இன்டர்நெட் கிரிக்கெட்.

பேட்டைத் தொடவே வேண்டாம். பதினைந்து கற்பனை ஆட்டக்காரர்களை உங்கள் பொறுப்பில் விட்டுவிடுவார்கள். யாருக்கு என்ன பயிற்சி, எந்த வரிசையில் இறக்குவது, யாரை விற்பது, யாரை வாங்குவது எல்லாம் நம் இஷ்டம். வாரம் ஒரு மேட்ச். எதிர் டீமின் மேனேஜர் எந்த நாட்டிலோ உட்கார்ந்திருப்பார். இன்று ஆரம்பித்த பயிற்சிக்குப் பலன் தெரிய இரண்டு மாதம் ஆகும். விதிமுறை நாற்பது பக்கம், அத்தனையும் இங்கிலீஷ். டிக்‌ஷனரியோடு மல்லுக்கட்டி அதைப் படித்து முடித்த ஒரே ஆள் பொறு.

புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பெரிய இடைஞ்சல், அவர்களுக்கு ஏற்கெனவே கிரிக்கெட் தெரியும் என்பதுதான். லாரி டிரைவர் செல்வம் சேர்ந்த முதல் நாளே விக்கெட் கீப்பரை விற்றுவிட்டார்.

"ஏம்பா, கீப்பர எதுக்கு வித்த?" என்று அலறினார் பொறு.

"சும்மாதானே நிக்கிறான், அண்ணே. பேட்டிங்கும் வராது, பௌலிங்கும் வராது."

அந்த வாரம் எதிரணிக்கு பேட்ஸ்மேன் அடித்ததைவிடக் கீப்பர் இல்லாமல் ஓடிய பந்தில்தான் அதிக ரன் வந்தது.

அன்றிலிருந்து ஒரு சட்டம். புதிதாக வருகிறவர் ஒரு வாரத்துக்கு மௌஸைத் தொடக் கூடாது. கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். யாருடைய விரலாவது அசைந்தால் பொறுவின் கை மேலே போகும், டிராஃபிக் போலீஸ் மாதிரி. "பொறு! பாத்தியில தண்ணி வுட்டுட்டுக் கலக்கிக்கினே இருந்தா உப்பு நிக்குமா? வுடு, அதுவா காயட்டும்."

இந்த ஆட்டத்தைச் சரியாகப் பிடித்துக்கொண்டவர் தனம் அக்கா. உப்பு வாருகிற அக்கா, சென்டரிலேயே பழியாய்க் கிடந்த புருஷனை இழுத்துப்போக வந்தார். வந்தவர் திரையைப் பார்த்தார். "இந்தப் பொடியன் நல்லாப் போடுவான் போலக்குதே, இவன ஏன் வெளிய குந்த வச்சிருக்குது இந்த ஆளு?" என்றார். மறுநாளே புருஷன் டீமிலிருந்து நீக்கப்பட்டார். டீம் அக்காவுடையது ஆயிற்று.

மாசி பிறந்து உப்பு எடுக்கத் தொடங்கியதும் சென்டர் காலி. நானும் இன்டர்வியூவுக்காகச் சென்னைக்கும் ஊருக்கும் அலைந்துகொண்டிருந்தேன். மூன்று வாரம் எட்டிப் பார்க்காவிட்டால் டீமைக் கலைத்துவிடுவார்கள் என்பது விதி. பொறு பாத்தி பாத்தியாகப் போய் எல்லோருடைய பாஸ்வேர்டையும் வாங்கினார். ஒரே கம்ப்யூட்டரில் பத்தே நிமிடத்தில் பதினோரு டீமையும் திறந்து மூடினார். கடைசியில் அவருடைய டீம். பன்னிரண்டும் ஒரே கம்ப்யூட்டரிலிருந்து அடுத்தடுத்துத் திறந்ததில்தான் அவசரம் வேலையைக் காட்டியது.

விளையாட்டை நடத்துகிறவர்களிடமிருந்து கடிதம் வந்தது. நான்தான் படித்துச் சொன்னேன்: ஒரே ஆள் பன்னிரண்டு டீம் வைத்து ஏமாற்றுகிறார். பன்னிரண்டு பேர் இருப்பதை நாலு நாளில் நிரூபிக்காவிட்டால் எல்லா டீமும் ரத்து.

"இன்னாப்பா இது!" என்றார் தனம் அக்கா. அந்தச் சனிக்கிழமை ஜெயித்தால் அவர் டீம் மேல் டிவிஷனுக்குப் போகும். "நான் இருக்கேன்னு நானே போய்ச் சொன்னா நம்ப மாட்டானா?"

பொறுவின் எதிரே டீ ஆறிக்கொண்டிருந்தது. எனக்குப் பயமாகிவிட்டது.

ஃபோட்டோ அனுப்பலாம் என்றேன். குயிலாப்பாளையம் கெஸ்ட் ஹவுஸில் வேலை பார்க்கும் நண்பனிடம் டிஜிட்டல் கேமரா இரவல் வாங்கி வந்தேன். நண்பகலில் ஒரு படம் எடுத்துப் பார்த்தால், உப்பில் பட்டுக் கூசும் வெளிச்சத்தில் ஒருவருக்கும் முகம் இல்லை. வெறும் வேட்டி, சேலை, பேன்ட்.

"சாயந்தரம் வரைக்கும் பொறுக்கணும்" என்றார் தனம் அக்கா, பொறுவையே பார்த்து.

பஸ்ஸுக்குப் பொறுக்காத மனிதர் ஐந்து மணி நேரம் வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஐந்தரைக்கு எல்லோரும் டீம் பெயர் எழுதிய அட்டையோடு வரிசையாக நின்றோம். நடுவில் உப்பு வாரும் பலகையோடு தனம் அக்கா. கேமரா பொறுவின் கையில்.

"அண்ணே, நீங்களும் வந்து நில்லுங்க. போறவங்க யாரையாவது எடுக்கச் சொல்லலாம்" என்றேன்.

"டேய், பதினோரு பேரு நின்னாத்தான் டீமு. வேற எவன் எடுத்தாலும் ஆட்டிடுவான். அசையாதீங்க... பொறு!"

படத்தோடு என் இங்கிலீஷ் கடிதமும் போயிற்று. மூன்றாம் நாள் பதில். ஜோசப் அண்ணன் கடையில் மூச்சுவிட இடமில்லை. நான் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன்.

"பதினோரு பேரையும் பார்த்தோம். அந்தப் பதினோரு டீமும் விளையாட்டில் இருக்கலாம்."

செல்வம் விசிலடித்தார். நான் அடுத்த வரியைப் பார்த்துவிட்டு நின்றேன்.

"படிடா" என்றார் பொறு.

"பன்னிரண்டாவது மேனேஜரைப் படத்தில் காணோம்..."

விசில் நின்றது. "போவட்டும் வுடு" என்று பொறு செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

"பொறு!" என்று தனம் அக்கா கையைத் தூக்கினார். "தம்பி, மீதியப் படி."

"...ஆனால் உப்பின் மேல் ஒரு நிழல் கையைத் தூக்கி நிற்கிறது. நிழல் விழுகிறவர் கற்பனை ஆளாக இருக்க முடியாது. அவர் டீமும் இருக்கலாம். இனிமேல் அவரவர் டீமை அவரவரே திறக்கட்டும்."

ஜோசப் அண்ணன் எல்லோருக்கும் டீ சொன்னார். பொறு தன் டீயை வந்த சூட்டிலேயே ஒரே மடக்கில் குடித்தார். அப்போதுதான் எங்களுக்கு உயிர் வந்தது. சனிக்கிழமை தனம் அக்காவும் ஜெயித்தார்.

இப்போது எனக்குச் சென்னையில் வேலை. ஆஃபீஸ் கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைத்தான் வைத்திருக்கிறேன். "இதுல யாரு உனக்கு ஆட்டம் கத்துக் குடுத்தவரு?" என்று பக்கத்து சீட்காரர் பதினோரு முகத்திலும் தேடுவார். நான் எங்கள் காலடியில் கிடக்கும் அந்த நீள நிழலைத் தொட்டுக் காட்டுவேன்.