ஒரு ரூபாய் கூட்டிக் கேட்ட வீடு

பூஜ்யத்தில் முடிகிற தொகையைக் கொடுக்க எனக்குக் கை வராது. கல்யாணமோ காதுகுத்தோ, ஐந்நூறு என்றால் ஐந்நூற்று ஒன்று, ஆயிரம் என்றால் ஆயிரத்து ஒன்று. மளிகைக் கடை பாக்கியைக்கூட (கடைக்காரர் வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொண்டும்) ஒரு ரூபாய் சேர்த்துக் கொடுத்தவன் நான். இதை ஒரு நல்ல பழக்கம் என்று நாற்பத்தோரு வயது வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது நாங்கள் கிழக்குத் தாம்பரத்தில் வாடகைக்கு இருந்தோம். நான் ஒரு தனியார் கல்லூரியின் தேர்வுப் பிரிவில் மதிப்பெண்களைக் கணினியில் ஏற்றுகிறவன். நாள் முழுக்க எண்களைத் தட்டுவதுதான் வேலை. என் மனைவி சுமதி பள்ளி ஆசிரியை, மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள். இந்த இரண்டு தகவல்களையும் தயவுசெய்து ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரடங்கெல்லாம் முடிந்து வீட்டுச் சந்தை படுத்துக்கிடந்த நேரம் அது. பெருங்களத்தூரில் புதிதாக எழும்பிய அடுக்குமாடிகளில் ஒரு பால்கனியில்கூடத் துணி காயவில்லை. கடன் கட்ட முடியாதவர்களின் வீடுகளை ஏலம் விடுவதாக வங்கிகள் கொடுக்கிற விளம்பரம் மட்டும் பேப்பரில் பக்கம் பக்கமாக வந்தது. ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் வீட்டுத் தரகர் கஜா, அப்படி ஒரு பக்கத்தை மடித்து என் கையில் கொடுத்தான்.

"சிட்லபாக்கம் சார். ரெண்டு பெட்ரூமு. நாப்பத்தஞ்சு போன வூடு, முப்பத்தாறுலதான் ஏலமே ஆரம்பிக்குது. நீ இன்னாத்துக்கு சார் வாடகை கட்டிகினு கீற?"

விதிகளையும் அவனே சொன்னான். முதலில் பத்து சதவீதம் முன்பணம் கட்ட வேண்டும். ஏலம் இணையத்தில் நடக்கும். ஜெயித்தால் மறுநாளுக்குள் விலையில் கால் பங்கு கட்ட வேண்டும். கட்டாவிட்டால் முன்பணம் கோவிந்தா. முப்பத்தாறு லட்சத்துக்கு முன்பணம் மூன்று லட்சத்து அறுபதாயிரம். மீதிக்குக் கடன் தர வேறொரு வங்கி சம்மதித்திருந்தது. சுமதி மூன்று வருடம் கட்டிய சீட்டை எடுத்தாள், போதாததற்கு நான்கு வளையல்களைக் கழற்றி அடகுக்குக் கொடுத்தாள். கொடுக்கும்போது, "இதுக்கு மேல நம்மகிட்ட ஒண்ணும் இல்லைங்க, பார்த்துப் பண்ணுங்க" என்றாள். நான் யார், பார்க்காமல் பண்ணுகிற ஆளா என்பதுபோல் சிரித்தேன்.

ஏலத்துக்கு நான்கு நாள் முன்பு வீட்டைப் பார்க்க வங்கி அதிகாரி எங்களைக் கூட்டிப் போனார். காலி வீடு என்று நினைத்துக்கொண்டு அளவு டேப்போடு போனேன். கதவில் வங்கியின் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. கதவைத் திறந்தவர் வீட்டுக்காரர் ஸ்டீபன். பள்ளிக்கூட வேன் இரண்டு வைத்து ஓட்டியவர். பள்ளிகள் மூடிக்கிடந்த காலத்தில் வேன் போய், இப்போது வீடும் போகிற நிலை. உள்ளே சாப்பாட்டு மேஜையில் அவருடைய மகள் பிளஸ் டூ புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். அவள் எங்களை நிமிர்ந்தே பார்க்கவில்லை.

அங்கே நான் நடந்துகொண்ட விதத்தை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது. சுவரைத் தட்டிப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் நாற்காலியைச் சுற்றி டேப்பை நீட்டினேன். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டை இழக்கப்போகிற மனிதரிடமே, "தண்ணி எப்படிங்க?" என்று கேட்டேன்.

"போர் தண்ணி நல்லாருக்கும் சார். ஏப்ரல், மே மட்டும் கொஞ்சம் கலங்கலா வரும், வடிகட்டிக்கங்க" என்றார். அவர் மனைவி எங்களுக்கு மோர் கொண்டுவந்து வைத்தார். படி இறங்கும்போது சுமதி, "வேற வீடு பார்க்கலாமாங்க?" என்றாள். நாம் எடுக்காவிட்டால் வேறொருவர் எடுக்கப்போகிறார் என்று உலக நியாயம் பேசி அவள் வாயை அடைத்தேன்.

ஏல நாள். காலை பதினொன்று முதல் பன்னிரண்டு வரை. இரண்டு பேரும் லீவு போட்டோம். மடிக்கணினி, கரண்ட் போனால் இருக்கட்டும் என்று இன்னொரு மடிக்கணினி (கல்லூரியுடையது, சொல்லாமல் எடுத்து வந்தது), இரண்டு செல்போன். முப்பத்தெட்டரை லட்சம் எங்கள் எல்லை என்று சுமதி ஒரு தாளில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தாள்.

முதல் ஏலக் கேள்வியை நான்தான் போட்டேன். 3625001.

"கடைசியில என்ன ஒண்ணு?" என்றாள் சுமதி.

"சுபகாரியம். பூஜ்யத்துல முடியக் கூடாது."

"பேங்குக்காரனுக்கு மொய்யா எழுதறீங்க?"

குறைந்தது இருபத்தைந்தாயிரம் கூட்டிக் கேட்க வேண்டும் என்பதுதான் விதி. ஒரு ரூபாய் கூடினால் அந்த இணையதளத்துக்கு ஆட்சேபணை இல்லை. எதிரே யாரோ ஒருவர் முப்பத்தேழு லட்சம் என்றார். பெயர் தெரியாது, திரையில் வெறும் எண்தான். நான் 3725001. அவர் கொஞ்சம்கூட யோசிக்காமல் முப்பத்தெட்டு லட்சம் என்றார். எனக்கு உள்ளங்கை வேர்த்து விசைப்பலகை வழுக்கியது. சுமதி கடிகாரத்தைப் பார்த்து நொடிகளைச் சொல்லத் தொடங்கினாள்.

"நாப்பது செகண்டு இருக்கு. போடுங்க."

முப்பத்தெட்டேகால் லட்சம். தட்டினேன். 3825000.

"இருபது."

ஒரு ரூபாய். ஐயோ, ஒரு ரூபாயை விட்டுவிட்டேனே. கடைசி பூஜ்யத்தை அழித்துவிட்டு ஒன்று போட வேண்டும். நான் அழிக்கவில்லை. ஒன்றை மட்டும் போட்டேன். நிச்சயம்தானா என்று ஒரு பெட்டி வந்து ஆங்கிலத்தில் கேட்டது, அதில் தொகையை எழுத்தாலும் போட்டிருந்தது. படிக்க யாருக்கு நேரம்? நிச்சயம்தான் என்று அழுத்தினேன்.

சுமதி மூன்றாம் வகுப்புக்கு இடமதிப்பு நடத்துகிறவள். திரையில் விரலை வைத்து வலப்பக்கத்திலிருந்து எண்ணினாள். ஒன்று, பத்து, நூறு, ஆயிரம். விரல் கடைசி இலக்கத்தில் நின்றபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"என்னங்க. மூணு கோடியே எண்பத்திரண்டு லட்சம் போட்டிருக்கீங்க."

கடைசி ஐந்து நிமிடத்தில் யாராவது கேட்டால் ஏலம் இன்னும் ஐந்து நிமிடம் நீளும். அந்த ஐந்து நிமிடம் எந்த எதிரிக்கும் வரக் கூடாது. சிட்லபாக்கத்து இரண்டு படுக்கையறை வீட்டை நான்கு கோடிக்கு யாராவது கேட்க வேண்டும் என்று மனமுருகி வேண்டிக்கொண்டேன். ரத்து செய்ய ஏதாவது பொத்தான் இருக்கிறதா என்று பக்கத்தை மேலும் கீழும் தேடினேன். இல்லை. சுமதி தன் வெறும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணி ஓடியது, யாரும் கேட்கவில்லை. வாழ்த்துகள், நீங்கள்தான் வெற்றியாளர் என்று பச்சை எழுத்தில் வந்தது.

செல்போன் அடித்தது. கஜா.

"சார், இன்னா சார் பண்ணிகினு கீற? அந்த ரேட்டுக்கு அந்தத் தெருவையே வாங்கிக்கலாமே சார்."

வங்கி அதிகாரியிடம் ஓடினேன். கைதவறி விழுந்த எண் என்று எழுதிக் கொடுத்தால் ஏற்பீர்களா என்று கேட்டேன்.

"எழுதிக் குடுங்க சார். வாங்கி வெச்சுக்கறோம்" என்றார் மிகுந்த மரியாதையோடு. நான் உட்கார்ந்திருந்த அரைமணி நேரத்தில் அந்தக் கிளையில் இருந்த அத்தனை பேரும் ஏதாவது ஒரு ஃபைலை எடுக்கிற சாக்கில் வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். கட்ட வேண்டிய கால் பங்கை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தார். தொண்ணூற்றைந்து லட்சத்து அறுபத்திரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய், இருபத்தைந்து காசு. அந்த இருபத்தைந்து காசு, என் ஒரு ரூபாயில் கால் பங்கு.

கட்டவில்லை. முன்பணம் போனது. சுமதி என்னைத் திட்டியிருந்தால் தேவலை. அவள் அன்றைக்கு ரசம் வைத்து, அப்பளம் பொரித்து, சாப்பிடச் சொன்னாள். அந்த வளையல்களை மீட்க எங்களுக்கு இரண்டு வருடம் ஆனது. அதுவரை அவள் பள்ளிக்குக் கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டு போனாள். தினமும் காலையில் அந்தச் சத்தம் கேட்கும்போது எனக்கு அவமானமாக இருக்கும்.

ஏழெட்டு மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஸ்டீபன், மனைவி, மகளோடு கையில் பெரிய கேக் டப்பாவோடு நின்றார். கஜாதான் விலாசம் கொடுத்தானாம். உட்கார்ந்ததும் ஸ்டீபன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஏலம் கேன்சலாயிடுச்சு சார். திரும்ப நோட்டீஸ் குடுக்க பேங்குக்கு ஒன்றரை மாசம் ஆச்சு. அதுக்குள்ள மஸ்கட்ல இருக்கிற என் தம்பி பணம் அனுப்பிட்டான், செட்டில் பண்ணிட்டேன். இவ பரீட்சையும் அதே வீட்ல இருந்தே எழுதினா. யாரும் எடுத்துடக் கூடாதுன்னு அவ்வளவு பெரிய தொகையைப் போட்டு, உங்க முன்பணத்தை விட்டிருக்கீங்க. எவன் சார் செய்வான்?"

கஜா அப்படித்தான் சொல்லிவைத்திருக்கிறான். இல்லைங்க, ஒரு பூஜ்யத்தை அழிக்க மறந்துவிட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்தப் பெண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு நிமிராத முகம்.

சுமதிதான் பேசினாள். "அவரு அப்படித்தாங்க. எதையும் சொல்லாமதான் செய்வாரு."

அவர்கள் போனதும் கதவைச் சாத்திவிட்டு, அதிலேயே சாய்ந்துகொண்டு சிரித்தாள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. ஏல நாளுக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். நானும் சிரிக்கத்தான் பார்த்தேன். ஆனால் எனக்கு அழுகைதான் வந்தது.

இன்றைக்கும் நாங்கள் வாடகை வீட்டில்தான் இருக்கிறோம். ஸ்டீபன் வீட்டிலிருந்து கிறிஸ்துமஸ் கேக் தவறாமல் வருகிறது. போன மாதம் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம். மண்டபத்தில் ஸ்டீபன் என் கையைப் பிடித்து இழுத்துப்போய், சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரிடமும், "நான் சொன்னேனே, அந்த சார் இவர்தான்" என்று காட்டினார். ஒரு பெரியவர் என்னைக் கும்பிட்டேவிட்டார். எங்கே போய் ஒளிவது என்று தெரியாமல் மொய் எழுதுகிற மேஜைக்கு வந்து சேர்ந்தேன்.

நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தவர், "எவ்வளவு சார் போட்டுக்கட்டும்?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் சுமதி என்னை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தாள். மீட்ட வளையல்கள் அவள் கையில் குலுங்கின.

"ஆயிரத்து ஒண்ணுன்னு போட்டுக்கங்க. எத்தனை பூஜ்யம்னு நான் பார்த்துக்கறேன்."