பட்டினி ஊர்வலமும் பட்டுப் பாவும்

பொது வழியில் ஒரு காரியம் செய்யப்போகிறோம் என்றால், அதற்கான அறிவிப்பை, பாதிக்கப்படக்கூடியவர்களின் கண்ணில் படும் இடத்தில் ஒட்ட வேண்டும். அலுவலக நடைமுறையில் இதைவிட எளிய விதி கிடையாது. இதை மீறியவர்களுக்கு என் சர்வீஸில் எத்தனையோ மெமோ கொடுத்திருக்கிறேன். 1977-இல் நானே மீறியபோது எனக்கு மெமோ கொடுக்க யாரும் இல்லை. நடவடிக்கை எடுத்தது ஒரு கழுதைதான்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. தேசூரிலிருந்து வந்து ஆரணியில் ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். அறிவு நிரம்பி வழிந்த காலம் (என் சொந்தக் கணிப்பு). அதே ஊரில் ராஜேஸ்வரி டீச்சர் என்று ஒருவர். பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்திவிட்டு, மீதி நேரத்தில் தெருவில் அடிபட்டுக் கிடக்கும் நாய்களைத் தூக்கி வந்து மருந்து போடுவார். அவரோடு நாங்கள் ஐந்து பேர் சேர்ந்துகொண்டோம். டைப் அடிக்கத் தெரிந்த ஒரே ஆள் என்பதால் நான் செயலாளர்.

நெசவாளர் கன்னியப்பன் தம் வீட்டின் பின்பக்கம் சும்மா கிடந்த சாயக் கொட்டகையை எங்களுக்கு இலவசமாக விட்டிருந்தார். அதில் பதினோரு நாய்கள், மூன்று காலில் நிற்கும் ஓர் ஆடு, மூட்டை சுமந்து ஓய்ந்துபோன, கண் தெரியாத ஒரு கழுதை. கொட்டகையில் பாதி உரிமை கன்னியப்பனின் அண்ணன் வடிவேலுவுக்கும் உண்டு. அவருக்கு நாய் என்றால் ஆகாது.

"கூரை ஒழுவுது. செவுரு ஊறிப்போவுது. மழைக்குள்ள கூரைய மாத்துங்க, இல்லாட்டி ஐப்பசி பொறந்ததும் எல்லாத்தையும் ஓட்டிகினு போயிடுங்க" என்று சொல்லிவிட்டார். ஓட்டிக்கொண்டு போக வேறு இடம் கிடையாது. தெருவில் விட்டால் அந்தக் கழுதை ஒரு வாரம்கூடத் தாங்காது.

கூரைக்கு நிதி திரட்ட ஊர்வலம் நடத்தலாம் என்று யோசனை சொன்னது நான்தான். பிராணிகள் முன்னால் நடக்கும். பின்னால் நாங்கள் கழுத்தில் உண்டியல் டப்பாவை மாட்டிக்கொண்டு வருவோம். டப்பாவின் மேல் 'வாயில்லா ஜீவனுக்கு உதவுங்கள்' என்று என் கையெழுத்தில் எழுதி ஒட்டினேன். போலீசிடம் அனுமதி வாங்கினேன். சுகாதார இன்ஸ்பெக்டரிடம் சான்று வாங்கினேன். கழுதை மின்கம்பிக்குக் கீழே நடப்பதில் ஆட்சேபம் இல்லை என்று மின்சார ஆபீசிலும் எழுதி வாங்கினேன் (அவர்கள் என்னை விநோதமாகப் பார்த்ததை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்). தெருவாசிகளுக்கான அறிவிப்பை டைப் செய்து, ஏழு நாள் முன்னதாகவே ஒட்டினேன். எங்கள் ஆபீஸ் நோட்டீஸ் பலகையில்.

"தெருவுல எல்லாருக்கும் சொல்லிட்டீங்களா சார்?" என்று டீச்சர் கேட்டார்.

"முறைப்படி சொல்லியாச்சு டீச்சர். ஒரு ஆட்சேபம்கூட வரல."

நேரம் குறித்ததும் நான்தான். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை. வெயில் இருக்காது, எல்லோரும் வாசலில் இருப்பார்கள். இன்னொரு நுணுக்கமும் செய்தேன். தினம் காலையில் பிராணிகளுக்கு ஊற்றும் அரிசிக் கஞ்சியை அன்று ஊர்வலம் முடிந்தபிறகு ஊற்றினால் போதும் என்று உத்தரவிட்டேன்.

"பசியோட கூட்டினு போனா வம்பு பண்ணும் சார்."

"வயிறு ரொம்பின நாயைப் பாத்து யாரு டீச்சர் காசு போடுவாங்க? வெறும் வயித்துலதான் பரிதாபம் தெரியும்."

"அப்போ உங்களுக்கும் டிபன் கெடையாது" என்றார் டீச்சர்.

ஊர்வலம் போகவிருந்த அந்த நெசவாளர் தெருவை நான் நூறு முறையாவது பார்த்திருப்பேன். ஆனால் எல்லாமே எட்டு மணிக்குமேல். விடிகாலையில் அந்தத் தெரு நடப்பதற்கானது அல்ல என்பது ஆரணியில் பிறந்த யாருக்கும் தெரியும். நான்கைந்து புடவைக்கான பட்டு இழைகளை, பாவு என்று சொல்வார்கள், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மூங்கில் கவைகளின் மேல் நீட்டி, இழை விறைப்பதற்குக் கஞ்சி தடவி, வெயில் ஏறுவதற்குள் நீவிக் காயவைப்பார்கள். அந்த நேரத்தில் பிணம் போனால்கூட அடுத்த தெரு வழியாகத்தான் போகும்.

கஞ்சி. சுத்தமான, சூடு ஆறாத அரிசிக் கஞ்சி.

மூலை திரும்பியதும் பதினோரு மூக்குகள் ஒரே சமயத்தில் உயர்ந்தன. கயிறுகள் எங்கள் கையை விட்டுப் போன வேகத்தில் உள்ளங்கைத் தோலும் கொஞ்சம் போனது. நாய்கள் பாவுக்கு அடியில் புகுந்து, சொட்டுகிற கஞ்சியை நக்கின. ஆடு ஒரு கவையைச் சாய்த்தது. கண் தெரியாத கழுதையோ வாசனையைப் பிடித்துக்கொண்டு நேராக நடந்து, அரக்குச் சிவப்புப் பட்டுக்குள் தலையை நுழைத்து, கழுத்துவரை பாவை மாட்டிக்கொண்டு, இனி என்ன என்பதுபோல நின்றது. கல்யாண ஆர்டர். அண்ணன், தம்பி இரண்டு பேருக்கும் பொதுவான பாவு.

"யோவ் சார்! இன்னாயா இது? பாவு மேல கய்தய வுட்டுகினு வர்ற?" என்று ஓடி வந்தார் வடிவேலு.

நான் சட்டைப்பையிலிருந்து காகிதங்களை எடுத்தேன். "அனுமதி இருக்குங்க. மூணு ஆபீஸ்ல வாங்கியிருக்கேன்."

"அத்த அந்த கய்தைக்குப் படிச்சிக் காட்டு!"

அதற்குள் கன்னியப்பனின் மனைவி குப்பம்மா தெருவின் நடுவில் வந்து நின்றார். "யாரும் இய்க்காதீங்க! இய்த்தா அத்தினியும் பூடும். டீச்சர், அந்த பக்கிட்டுல மீதி கஞ்சி கீது. அத்தத் தூக்கிகினு ஜல்தியா நடங்க. நாய்ங்க தானா வரும்." வந்தன. என் ஊர்வலம் அன்று ஒழுங்காக நடந்தது அந்தப் பக்கெட்டுக்குப் பின்னால் மட்டும்தான். அதில் நான் இல்லை.

"சார், நீங்க அந்தக் கவைய தூக்கிப் புடிங்க. ஆடாதீங்க. மூச்சுகூட மெதுவா வுடுங்க."

இரண்டு கையையும் உயர்த்திப் பிடித்தேன். எதிரில் கழுதை. அது ஆடவில்லை, அசையவில்லை. குப்பம்மா தண்ணீர் தெளித்துத் தெளித்து, அதன் கழுத்திலிருந்து இழை இழையாகப் பாவைக் கழற்றினார். அறுந்ததை எல்லாம் ஒவ்வொன்றாக முடிந்தார். கன்னியப்பன் கழுதையின் காதைத் தடவிக்கொண்டே நின்றார். என் காதைத் தடவ யாரும் இல்லை. மூக்கு அரித்தது. டிபன் வேறு இல்லை.

பால் வாங்கிக்கொண்டு வந்த இரண்டு பெண்கள் என் முன்னால் நின்றார்கள். ஒருத்தி கழுத்து டப்பாவில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"வாயில்லா ஜீவனாமே. ஊமை போலகீது."

"ஐயோ பாவம், யாரு பெத்த புள்ளையோ. கையத் தூக்கிகினு நிக்க வச்சிக்கிறாங்க பாரு."

காசு விழுந்தது. நான் வாயைத் திறந்தேன். "ஆடாதீங்கன்னு சொன்னேன்ல!" என்றார் குப்பம்மா. மூடிக்கொண்டேன். செய்தி பரவி, அடுத்த தெருக்காரர்களும் பார்க்க வந்தார்கள். பார்த்தவர்கள் போட்டார்கள். பகல் பன்னிரண்டு மணிக்குப் பாவு கழன்றபோது டப்பா நிரம்பியிருந்தது. கூரைக்குப் போதும். பரிதாபம் வெறும் வயிற்றில்தான் தெரியும் என்ற என் கருத்து நிரூபணமானது. வயிறு யாருடையது என்பதில்தான் கணக்குத் தப்பிவிட்டது. இன்றைக்கும் வீட்டில் நான் சும்மா நின்றால், "டப்பாவ எடுத்தாந்து மாட்டவா?" என்கிறாள் மனைவி. பேரப்பிள்ளைகள் உள்ளே ஓடி எடுத்தே வந்துவிடுகிறார்கள்.

ஆனால் வடிவேலு சமாதானமாகவில்லை. "கூரையும் வாணாம், ஒண்ணும் வாணாம். இந்த வாரமே காலி பண்ணுங்க" என்றார்.

எனக்குத் தெரிந்த ஒரே வித்தையைச் செய்தேன். நான்கு பக்கத்தில் மன்னிப்பும், கொட்டகையில் தொடர்ந்து இருக்க அனுமதியும் கோரி, கன்னியப்பனுக்கு ஒரு கடிதம் டைப் அடித்து, ஒப்புதல் அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன் (நடந்து போனால் மூன்று நிமிடம்). ஒப்புதல் அட்டை திரும்பி வந்தது. பதில் வரவில்லை. வாரம் போனது. கூரை மாற்றினோம். ஐப்பசி போனது. வருடங்கள் போயின. காலி பண்ணச் சொல்லியும் யாரும் வரவில்லை. கழுதை அந்தக் கூரையின் கீழேயே வயதாகிக் கண்ணை மூடியது. அதன் இடத்துக்கு ஒரு நொண்டி எருது வந்தது. பதில் போடாமல் கடிதங்களைக் கிடப்பில் போடும் ஜனங்களைப் பற்றி நான் ஆபீசில் புலம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் காலை கன்னியப்பன் என் வீட்டுக்கு வந்து ஒரு கவரை நீட்டினார்.

"இன்னிக்கு தபாலாபீஸ் லீவு சார். அதான் நானே எடுத்தாந்தேன். உங்க லெட்டருக்கு பதில்."

"எட்டு வருஷம் கழிச்சா?"

"அண்ணன் மாசா மாசம் பேஜார் பண்ணிகினே இருந்தாரு, காலி பண்ணு காலி பண்ணுன்னு. சர்க்கார் ஆளு ரிஜிஸ்தர்ல லெட்டர் போட்டுகீறாரு, பதில் குடுக்காம காலி பண்ணா கேஸாயிடும்ணே, எய்திகினுதான் கீறேன்னு சொல்லிகினே இருந்தேன். போன வாரந்தான் பாகம் பிரிச்சோம்."

முப்பத்தைந்து வருட சர்வீஸில் அதைவிட நேர்த்தியாக ஒரு கோப்பை நிலுவையில் வைத்தவரை நான் பார்த்ததில்லை. கவரைப் பிரித்தேன். குண்டு குண்டான எழுத்தில் நாலே வரி:

'ஐயா, தங்கள் கடிதம் கிடைத்தது. கொட்டகை என் பாகத்தில் விழுந்துவிட்டது. ஜீவன்கள் எப்போதும் இருக்கலாம். தாமதத்துக்கு மன்னிக்கவும், வேண்டுமென்றே செய்தது.'

பேனாவை எடுத்து, முறைப்படி, மேல் ஓரத்தில் பெற்ற தேதியைக் குறித்தேன்: 1986, தை மாதம் இரண்டாம் நாள், மாட்டுப் பொங்கல்.