கட்டிங் மாஸ்டரின் செஸ் சாம்பியன்ஷிப்

உலக செஸ் சாம்பியன் பட்டத்துக்காக மோதிய இருவரைவிட அதிகமாகக் களைத்துப்போன மனிதர் ஒருவர் உண்டு. அவர் போட்டி நடந்த நாட்டுக்குப் போனதில்லை. பல்லடத்திலிருந்து மண்ணரைக்கு தினமும் பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்தார். ஆடியவர்களுக்கு இடையிடையே ஓய்வு நாள் கொடுத்தார்கள். எங்கள் கட்டிங் மாஸ்டருக்கு அதுவும் கிடையாது. முந்தின நாள் ஆட்டத்தில் இருவரும் என்னென்ன தப்புச் செய்தார்கள் என்று ஓய்வு நாளில்தான் அவர் எங்களுக்கு விளக்குவார்.

நான் அப்போது அந்த பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். சரக்கு நாளைக்குக் கிளம்பிவிடும் என்று வெளிநாட்டுக்காரனுக்கு தினமும் மெயில் எழுதுவது என் வேலை. மாஸ்டரின் வேலை அப்படி வாயால் நடப்பதில்லை. நூறு மடிப்புத் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, கட்டிங் மெஷினை நிற்கவைத்து ஓட்டுவார். கத்தி ஒரு விரற்கடை தள்ளினால் நூறு பனியன் போச்சு. அவர் மெஷினில் கை வைத்திருக்கும்போது முதலாளியே தும்மலை அடக்கிக்கொண்டு நிற்பார். ஆகவே மாஸ்டர் எதைச் சொன்னாலும் கம்பெனியில் ஒரு மரியாதை இருந்தது. செஸ்ஸைப் பற்றிச் சொன்னதற்கும் அந்த மரியாதையே கிடைத்தது.

நம் தமிழ்ப் பையன் ஒருவன் உலகப் பட்டத்துக்கு ஆடுகிறான் என்றதும் ஊரே பேசியது. மாஸ்டர் பேச்சோடு நிற்கவில்லை. கட்டிங் டேபிளின் கடைசியில் ஒரு கிரே கலர் துணியை விரித்து சாக்பீஸால் கட்டம் போட்டார். காய்களுக்கு சைஸ் லேபிள்கள். ராஜா டபுள் எக்ஸெல், ராணி எக்ஸெல், யானை லார்ஜ், பிஷப் மீடியம், குதிரை ஸ்மால். சிப்பாய்களுக்கு, எப்படித் துவைக்க வேண்டும் என்று போட்டிருக்குமே, அந்த லேபிள். நம் பையனுக்கு ஒரு கலர், எதிராளிக்கு வேறு கலர்.

மதியம் ஆட்டம் தொடங்கும். நான் போனைப் பார்த்து எந்தக் காய் எங்கே போனது என்று விரலால் காட்டுவேன். மாஸ்டர் லேபிளை எடுத்து, கட்டத்தின் நட்டநடுவில் வைத்து, ஓரம் கோணாமல் தட்டிவிடுவார். பிறகு விமரிசனம்.

நம் பையன் ஒரு நாள் ஒரே நகர்த்தலுக்கு முக்கால் மணி நேரம் யோசித்தான். நாங்களெல்லாம் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். மாஸ்டர் அசரவில்லை.

"ரோல்ல சுத்தியிருந்த துணிய விரிச்ச ஒடனே வெட்டலாமுங்களா? ஒரு நா போட்டு வெச்சா அது பாட்டுக்குத் தளர்ந்து சரியாகும். அப்பறந்தான் கத்தி வெக்கோணும். பையன் துணிய ஆறப் போட்டிருக்கானுங்க."

"டைம் போகுதே மாஸ்டர்?" என்றேன்.

"டைம் போனா ஓ.டி. பண்ணிக்கலாமுங்க. துணி போனா என்ன பண்றது?"

ஓவர்டைம் என்ற ஏற்பாடு செஸ்ஸில் இல்லை என்று அவரிடம் சொல்ல யாருக்கும் துணிவு வரவில்லை. அன்று ஆட்டம் டிரா ஆனது. துணி ஆறிவிட்டது என்று எல்லோரும் ஒத்துக்கொண்டோம்.

ஒரு தடவை எதிராளியின் ராணியைக் காணவில்லை. டேபிளுக்கு அடியில், வெட்டுத் துணி மூட்டைக்குள், டெய்லர்களின் டிபன் பைகளில்கூடத் தேடினோம். சாயங்காலம், தைத்த சட்டைகளைச் சரிபார்க்கும் செக்கிங் ஜெபமணி ஒரு குழந்தைச் சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆறு மாதக் குழந்தையின் கழுத்தில் எக்ஸெல் லேபிள். லேபிள் தைக்கிறவர் ராணியையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்.

ஜெபமணி நாசரேத் பக்கத்துக்காரர். பள்ளிக்கூட நாளில் மாவட்ட அளவில் செஸ் ஆடியவர். எங்கள் கம்பெனியில் அந்த ஆட்டம் தெரிந்த ஒரே ஆள் அவர்தான் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. ராணியைத் திருப்பி வைக்க வந்தவர் கட்டங்களை ஒருமுறை எண்ணினார். சந்தேகம் வந்து இன்னொரு முறை எண்ணினார்.

"ஏன் மாஸ்டர், குறுக்க எட்டுக் கட்டம்லா வரும்? இங்க ஒம்பது கெடக்கு?"

"எட்டுத்தான் கண்ணு. ஒம்பதாவது சுருக்கத்துக்கு விட்டிருக்கேன். காட்டன் பாரு, தண்ணில போட்டா இழுக்குமில்ல?"

இரண்டு வாரமாக அந்தத் துணியைச் சுற்றி நின்று தலையாட்டிய நாங்கள் யாருமே எண்ணிப் பார்த்ததில்லை. ஜெபமணி மாஸ்டரை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு ராணியை அதன் கட்டத்தில் வைத்துவிட்டு செக்கிங் டேபிளுக்குப் போய்விட்டார்.

வினை முதலாளி வாயிலிருந்து வந்தது. கடைசி ஆட்டத்துக்கு மூன்று நாள் இருந்தது. அங்கே இருவரும் சம புள்ளியில் இருந்தார்கள். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் எங்கள் தெருவில் எதிர் வரிசையில் இருக்கும் பிரிண்டிங் கம்பெனியின் முதலாளி, தன்னிடம் வேலை செய்யும் பிரிண்டிங்காரர் செஸ்ஸில் புலி என்று பேச்சு வாக்கில் சொல்லியிருக்கிறார். எங்கள் முதலாளிக்குப் பொறுக்கவில்லை.

"எங்க மாஸ்டர் இருக்காருங்க! கடைசி ஆட்டத்தன்னிக்கு மத்தியானம் ரெண்டு பேரையும் உக்கார வெச்சுப் பாத்துருவோமுங்க!"

செய்தி வந்ததும் கம்பெனியே மாஸ்டருக்குக் கை கொடுத்தது. அவரும் சிரித்தபடி கொடுத்தார். டீ நேரத்தில் என் சட்டையைப் பிடித்து நூல் ரூமுக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

"சார், இந்தக் குதிரை எப்படிங்க போகும்?"

"என்ன மாஸ்டர், விளையாடுறீங்களா?"

"இல்லீங்க, வெளையாடவே தெரியாதுங்க. நீங்க காட்டுன எடத்துல எடுத்து வெச்சனே தவுர, ஒருக்காக்கூட ஆடுனதில்லீங்க. இந்தக் கம்பெனில என்ற பேச்சுக்கு ஒரு மதிப்பிருக்குங்க சார். அது போயிருச்சுன்னா, நாளைக்கு துணில நான் போட்ட மார்க்கிங்கையும் நாலு பேரு அளந்து பாப்பாங்க."

என் சட்டையை அவர் இன்னும் விடவில்லை. கேலி செய்ய நல்ல சந்தர்ப்பம்தான். எனக்கு மனசு வரவில்லை. குதிரை எப்படிப் போகும் என்று எனக்கும் தெரியாது. கட்டத்தை எண்ணிப் பார்த்த ஜெபமணியைக் கூப்பிட்டேன்.

மூன்று நாள் டீ நேரத்தில் பாடம் நடந்தது. சிப்பாய், யானை, பிஷப், ராணி வரைக்கும் தேறினார். குதிரை மட்டும் ஏறவே இல்லை. ரெண்டு கட்டம் நேராகப் போய்த் திடீரென்று திரும்புகிற எதையும் அவர் கை நம்ப மறுத்தது. ஜெபமணி கடைசியில் சலித்துப்போனார்.

"மாஸ்டர், குதிரையத் தொடவே தொடாதீய. அது நின்ன எடத்துல நிக்கட்டும். ஒண்ணே ஒண்ண மட்டும் கவனிங்க. அவரோட ராஜா, சிப்பாய்களுக்குப் பின்னால கடைசி வரிசைல முடங்கிக் கெடப்பாரு. அந்த வரிசைக்குக் காவல் இல்லாமப் போற நேரம் பாத்து, யானைய நேரா அந்த ஓரம் வரைக்கும் விட்டுருங்க. சோலி முடிஞ்சிது."

"அதாவது, கத்திய வெச்சு ஒரே ஓட்டு."

"அதேதான்."

கடைசி ஆட்டத்தன்று மதியம் பேக்கிங் செக்சனில் அட்டைப் பெட்டிகளை அடுக்கி மேடை போட்டார்கள். இரண்டு கம்பெனியும் திரண்டு நின்றது. பிரிண்டிங்காரர் கொண்டுவந்த நிஜ செஸ் பலகைக்குப் பக்கத்தில் என் போனைச் சாய்த்து வைத்திருந்தோம். அதில் உலகப் போட்டி ஓடியது.

பிரிண்டிங்காரர் புலிதான். மடமடவென்று தின்றுகொண்டே வந்தார். மாஸ்டர் சிப்பாயை ஒவ்வொரு கட்டமாகத் தள்ளினார். குதிரைகள் இரண்டும் லாயத்தை விட்டு அசையவில்லை.

"குதிரைய வெளிய எடுக்கவே மாட்டேங்கறாரு பாருங்க. ஏதோ பெரிய திட்டம்" என்று முதலாளி என் காதில் கிசுகிசுத்தார். நான் ஆமாங்க என்றேன்.

குதிரைகள் போயின. ராணியும் போனது. ராஜா போக மாஸ்டருக்கு மிஞ்சியது ஒரு யானையும் நாலு சிப்பாயும். பிரிண்டிங்காரர் திரும்பித் தன் ஆட்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, கடைசி வரிசையில் காவல் நின்ற யானையை எடுத்து இன்னொரு சிப்பாயைத் தின்றார்.

மாஸ்டர் பலகையைப் பார்த்தார். ஜெபமணியைப் பார்க்கவில்லை. யானையை எடுக்காமல், விரலை மேலே வைத்து, கட்டிங் மெஷினைத் தள்ளுகிற மாதிரியே ஒரே சீராக ஓரம் வரைக்கும் ஓட்டினார்.

"செக்மேட்!" என்று முதலில் கத்தியது ஜெபமணி. அப்புறம் எங்கள் கம்பெனிக் கூரையே அதிர்ந்தது. அயர்ன் மாஸ்டர்கள் இந்தியில் கத்தினார்கள். நாலு பேர் மாஸ்டரைத் தோளில் தூக்கிவிட்டார்கள். அந்தச் சத்தத்திலேயே என் போனிலும் ஒரு கூச்சல். அங்கே எதிராளி கைதவறி ஒரு காயைத் தப்பான கட்டத்தில் வைத்துவிட்டான். நம் பையன் உலக சாம்பியன். முதலாளி ஜிலேபிப் பெட்டியை உடைத்தார்.

தோளின் மேலிருந்து மாஸ்டர் போனைப் பார்த்தார். அதில் தோற்றவன் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தான். கீழே பிரிண்டிங்காரரும் அதேபோல உட்கார்ந்திருந்தார். அவர் ஆட்கள் "பரவால்லீங்க" என்று சொல்லிவிட்டு ஒவ்வொருவராக நழுவிக்கொண்டிருந்தார்கள்.

"எறக்கி உடுங்க" என்றார் மாஸ்டர்.

இறங்கியவர் நேராகப் போய் பிரிண்டிங்காரருக்குப் பக்கத்தில், ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

"நானொண்ணும் ஜெயிக்கலீங்க. உங்க கை தப்பிருச்சு. எனக்கு இந்த ஆட்டமே தெரியாதுங்க. அந்த ஜெபமணிப் புள்ள சொல்லிக் குடுத்த இந்த ஒரே வழிதான் தெரியும். குதிரை எப்படிப் போகும்னு இன்னும் தெரியாது."

மெதுவாகப் பேசத் தெரியாத மனிதர். மெஷின் சத்தத்தில் முப்பது வருடம் பழகிய குரல். எல்லோருக்கும் கேட்டது. முதலாளியின் ஜிலேபி வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

"அப்ப மூணு வாரமா எங்களுக்குச் சொன்னதெல்லாம்?" என்று கேட்டார் அவர்.

"நீங்கெல்லாம் கேட்டீங்க, நான் சொன்னனுங்க" என்றார் மாஸ்டர். மறுபடி பிரிண்டிங்காரர் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஒருக்கா எனக்கும் இப்படி ஆச்சுங்க. நூறு மடிப்பு, கத்தி தள்ளிப் பனியனோட தோள்பட்டைக்குள்ள போயிருச்சு, நூறும் போச்சு. எல்லாரும் வந்து பரவால்லன்னாங்க. ஒருத்தருங்கூடப் பக்கத்துல ஒக்காரலீங்க."

பிரிண்டிங்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"குதிரைகூடத் தெரியாதுங்களா?"

"தெரியாதுங்க."

"அப்ப உங்ககிட்டயாங்க நான் தோத்தேன்?" என்று கேட்டவர், சிரிக்க ஆரம்பித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பலகையில் குதிரையை எடுத்து வைத்தார். "பாருங்க, இப்படி ரெண்டு, இப்படி ஒண்ணு."

சுற்றி எல்லோரும் உலக சாம்பியனுக்குக் கை தட்டிக்கொண்டிருந்தோம். நானும்தான் தட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து, யாரும் சொல்லாமலே போய் மூன்று டீ வாங்கிக்கொண்டு வந்து, இன்னொரு பெட்டியை இழுத்துப் போட்டு மாஸ்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த இடத்தை விட்டு எழுந்திருக்க எனக்கு மனசே வரவில்லை.