கருப்பம்மாளின் கூறைப்புடவையும் கிளென்மூர் நாணய விசாரணைக் கமிட்டியும்

நம்பிக்கைக்கு விலையே கிடையாது என்று திருவிழா மேடைகளில் பேசுகிறார்கள். அது விலை விசாரிக்காதவர்கள் பேச்சு. 1979ஆம் ஆண்டில், மலேசியாவில் கோலா கங்சாருக்கு அருகே கிளென்மூர் ரப்பர் தோட்டத்தில், நம்பிக்கையின் விலை எண்பத்தொன்பது வெள்ளி நாற்பது காசு. தபால்தலை தனி. சந்தேகம் உள்ளவர்கள் என்னிடம் வரலாம். கணக்கு எழுதியவன் நான்தான்.

என் பெயர் தேனப்பன். ஈப்போத் துணிக்கடைகளுக்கு நடுவே பிறந்தவன். 'அம்மா' என்று சொல்வதற்கு முன்பே 'கட்டுப்படியாகாது' என்று சொன்னவன் என்று வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். அப்போது தோட்டத்து வாசலில் மளிகைக்கடை வைத்திருந்தேன். அத்துடன், உலகின் எந்தப் பெரிய நகரத்திலும் இல்லாத ஓர் அமைப்புக்குப் பொருளாளராகவும் இருந்தேன். கிளென்மூர் தோட்ட நாணய விசாரணைக் கமிட்டி!

அது பிறந்த கதை சிறியது. பத்துமலை என்றொருவன் யாரோ கொடுத்த விளம்பரத்தை நம்பிப் பதினைந்து வெள்ளி அனுப்பி ரேடியோ கேட்டான். பழைய பேப்பரில் சுற்றிய அரைச் செங்கல் வந்தது. நல்ல செங்கல்தான், வெகுநாள் அவன் வீட்டுக் கதவுக்கு முட்டுக் கொடுத்தது. ஆனால் அதில் பாட்டு வரவில்லை.

எங்கள் தோட்டத்தில் ஒரு கெடுதல் நடந்தால் மறுநாள் அதற்கொரு கமிட்டி உண்டாகும். கெடுதல் போய்விடும்; கமிட்டி போகாது. ஆட்களை மேய்க்கும் மண்டோர் பிச்சைமுத்து தலைவரானார். ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி ஐயாவு டைப் அடிக்கத் தெரிந்தவர் என்பதால் செயலாளர். எனக்குக் கல்லாப்பெட்டி இருந்ததால் பொருளாளர். முதல் தீர்மானம் இது: "தபால் வழியே துணிமணி வாங்க விரும்புவோர் பணத்தைப் பொருளாளரிடம் ஒப்படைத்து, கம்பெனி நாணயமானதுதான் என்று கமிட்டி திருப்தி அடைந்த பிறகே வாங்க வேண்டும். விசாரணைச் செலவு வாங்குபவரைச் சேர்ந்தது."

கடைசி வாக்கியம் என்னுடையது. வளர்ந்த இடம் அப்படி.

முதலில் வந்தவள் மரம் சீவும் கருப்பம்மாள். மகள் நவமணிக்குத் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை கமுந்திங்கில் ஃபேக்டரி வேலை. பினாங்கிலிருந்து தபாலில் புடவை அனுப்பும் ஒரு ஜவுளிக் கம்பெனியின் படப் புத்தகத்தில், அரக்குச் சிவப்பில் ஒரு கூறைப்புடவையைப் பார்த்த நாளிலிருந்து நவமணியின் விரல் அந்தப் பக்கத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. விலை அறுபத்தெட்டு வெள்ளி. கருப்பம்மாள் சீட்டு எடுத்த தொண்ணூறு வெள்ளியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள்.

"அண்ணே, கல்யாணத்துக்கு முப்பது நாளுதான் இருக்கு. சட்டுன்னு பாத்துச் சொல்லுங்க லா."

"சட்டுன்னு பார்க்கிறது விசாரணையா?" என்றார் தலைவர்.

முதல் கூட்டம் என் கடையின் பின்னறையில் நடந்தது. டீயும் பிஸ்கட்டும் கடையிலிருந்தே வந்ததால் உறுப்பினர்களுக்கு அலைச்சல் இல்லை.

"கம்பெனி எங்க இருக்கு?" என்றார் பிச்சைமுத்து.

"தபால் பெட்டி எண் இருநூத்திப் பன்னெண்டு, பினாங்கு" என்று ஐயாவு வாசித்தார்.

"பெட்டியிலயா? பெட்டிக்குள்ள எத்தன புடவய அடுக்க முடியும்? ஆளு எங்க உக்காருவான்?"

இதை யாரும் யோசித்திருக்கவில்லை. தலைமைப் பதவி சும்மா வருவதல்ல.

அப்போது நவமணி கதவோரம் நின்று, "மாமா, கடைசிப் பக்கத்துல அடியில பொடி எழுத்துல ஒன்னு போட்டிருக்கு..." என்று தொடங்கினாள்.

"நீ கட்டிக்கப் போறவ புள்ள. விசாரிக்கிறவ இல்ல" என்றார் தலைவர். ஐயாவு நடவடிக்கைக் குறிப்பில் எழுதினார்: "மணப்பெண் குறுக்கிட்டார். அனுமதி மறுக்கப்பட்டது. டீ வழங்கப்பட்டது."

இரண்டாவது கூட்டத்தில் கம்பெனியின் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம்.

"தாளு நல்ல கனம்" என்றார் ஐயாவு. "இவ்ளோ கனமான தாள்ல எவனும் பொய் எழுத மாட்டான். கட்டுப்படியாகாது."

மூன்றாவது கூட்டம் முழுவதும் முதலாளியின் படத்தைப் பற்றியது. மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். கண்ணாடி போட்டவர் ஏமாற்ற மாட்டார் என்பது ஐயாவு கட்சி. சின்ன ஏமாற்றுக்காரனுக்குக் கண்ணாடி வாங்க ஏது காசு என்பது பிச்சைமுத்து கட்சி. வாக்கெடுப்பில் நான் நடுநிலை வகித்தேன். இன்னொரு கூட்டத்துக்கு வழி விடுவது பொருளாளரின் கடமை.

பிறகு கமிட்டிக்கு ரப்பர் முத்திரை செய்து, முறைப்படி ஒரு கடிதம் போட்டோம்: "தாங்கள் நாணயமானவர்களா? ஆம் அல்லது இல்லை என்று மறு தபாலில் தெரிவிக்கவும்." நான்காம் நாள் பதில் வந்தது: "ஆம்."

"திருடன்கூட இப்படித்தான் சொல்லுவான்" என்று தலைவர் அதைத் தள்ளினார்.

"இல்லைன்னு எழுதியிருந்தா?" என்றார் ஐயாவு.

"அப்ப திருடன்னே முடிவாயிருக்குமே!"

இவ்வளவு கறாரான அமைப்பை நான் ஈப்போவிலும் கண்டதில்லை.

அடுத்து நிபுணர் கருத்து. மூவரும் டாக்ஸி பிடித்து ஈப்போ போய், துணிக்கடை வைத்திருக்கும் என் தாய்மாமன் சொக்கநாதனைப் பார்த்தோம். அவர் படப் புத்தகத்தை வாங்கி, அச்சடித்த புடவையின் முந்தானையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.

"துணி வழவழன்னு இருக்கே தேனப்பா. சாயம் போகும்."

"மாமா, அது தாளு."

"அதத்தான் சொல்றேன். தொட்டுப் பாக்க முடியாத துணிய எவனாச்சும் வாங்குவானா? நாளைக்குச் சோத்தையும் தபால்ல அனுப்புவான், திம்பீங்களா?"

இந்தக் கருத்துக்கு இருபது வெள்ளி. உறவுக்காரன் என்பதால் ஐந்து குறைத்துக்கொண்டார். கருத்துக் கேட்டால் பசிக்கும். வாழையிலைச் சாப்பாடு, ஆட்டுக்கறி.

கடைசியாக, கோலா கங்சார் போஸ்ட் ஆபீசிலிருந்து பினாங்குக்கு ட்ரங்க் கால். தலைவரே பேசினார்.

"கம்பெனி இருக்கா?"

"இருக்கு சார்."

"எப்பலேருந்து இருக்கு?"

"காலைல எட்டு மணிக்கே தொறந்துட்டோம் சார்."

தலைவர் போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார். "இன்னிக்குத்தான் தொறந்திருக்கான். அனுபவம் பத்தாது."

இதை ஆலோசிக்க ஆறாவது கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது கருப்பம்மாள் ஒரு சீட்டோடு வேகமாக உள்ளே வந்தாள்.

"அண்ணே, எம் பணத்தக் குடுங்க. போஸ்ட் ஆபீசுக்கு பார்சல் வந்திருச்சு. அறுபத்தெட்டு வெள்ளி கட்டி எடுத்துக்கச் சொல்றாங்க."

"அலாமாக்!" என்று ஐயாவு எழுந்துவிட்டார். "கமிட்டி இன்னும் அனுமதியே குடுக்கலியே, பார்சல் எப்படி வரும்?"

பின்னால் நின்ற நவமணி படப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பிரித்து, இந்த முறை யாரிடமும் அனுமதி கேட்காமல் வாசித்தாள்: "முன்பணம் வேண்டாம். பார்சல் தங்கள் தபால் நிலையத்துக்கு வந்த பிறகு பணம் கட்டினால் போதும். பிடிக்காவிட்டால் ஏழு நாளில் திருப்பி அனுப்பலாம்."

பிறகு சொன்னாள்: "மொத நாளே இதத்தான் படிக்க வந்தேன் மாமா. நீங்க விடல. அதான் ஆர்டர் அட்டைய நானே பெட்டியில போட்டுட்டேன்."

பிச்சைமுத்து டீக் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப பணமே அனுப்ப வேணாமா? அப்புறம் நாம இவ்வளவு நாளா எதத்தான் விசாரிச்சோம்?"

கேள்வி பொருளாளர் பக்கம் வந்தது. நான் முறைப்படி பேரேட்டைத் திறந்து, முறைப்படி கூட்டி, முறைப்படி கல்லாவிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். அறுபது காசு.

"என்ன அண்ணே இது? தொண்ணூறு வெள்ளியில்ல குடுத்தேன்?"

"விசாரணைக்குச் செலவாயிருச்சு லா. உன் பணம் ஏமாந்து போயிரக் கூடாதுன்னுதானே இவ்வளவும்?"

கருப்பம்மாள் காசையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏமாத்துறவன்கூட ஒரு செங்கல்லாச்சும் அனுப்புவான் அண்ணே."

இப்படிப்பட்ட நன்றிகெட்ட சொற்களைப் பொதுவாழ்வில் தாங்கித்தான் ஆக வேண்டும். ஏழாவது கூட்டத்தைக் கூட்டி, அவளுக்கு எங்கள் அனுதாபத்தைத் தீர்மானமாக நிறைவேற்றினோம். நிதி இல்லாததால் பிஸ்கட் இல்லை. என் மாமா பெருந்தன்மையோடு நூற்றிருபது வெள்ளிக்கு ஒரு புடவையைத் தவணையில் தர முன்வந்தார். அந்த நல்ல சேதியை நானே அவள் வீட்டுக்கு எடுத்துப் போனேன். கதவு என் மூக்குக்கு ஒரு விரற்கடை முன்னால் சாத்தப்பட்டது. போஸ்ட் ஆபீஸ் ஒரு வாரம் காத்திருந்து பார்சலைத் திருப்பி அனுப்பியது.

கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. நவமணி கம்பெனிக்கு நடந்ததை நடந்தபடி எழுதிப் போட்டாள். கம்பெனி பதில் எழுதியது. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். புடவையை முன்னாலேயே அனுப்புகிறோம். ஆனால் தங்களுக்காகச் சொல்லக்கூடிய, தோட்டத்துக்கு அறிமுகமான நாணயஸ்தர்கள் மூவர் பெயர் வேண்டும். கூடவே நிரப்பி அனுப்ப ஒரு பாரம். எங்களை விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள்! கமிட்டிக்கு எவ்வளவு பெரிய கௌரவம்!

மறுநாள் காலை கருப்பம்மாள் கடைக்கு வந்து, நான் கொடுத்த அதே அறுபது காசைத் தட்டில் போட்டாள்.

"ஒரு கவரு, மிச்சத்துக்கு ஸ்டாம்பு."

அவள் கையிலிருந்த பாரத்தைத் தலைகீழாகவே வாசித்துவிட்டேன். வளர்ந்த இடம் அப்படி. முதல் கோட்டில் தபால்காரர் ராமையா. இரண்டாவதில், ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து வேனில் மீன் கொண்டுவரும் சன்னாசி. மூன்றாவது காலி.

"மூணாவது ஆளு?"

"கெடைக்கல அண்ணே."

"என் பேரப் போடறதுதானே லா? பொருளாளருன்னு முத்திரையும் குத்தித் தாரேன்."

"எழுதலாம்னுதான் பாத்தோம்." அவள் கவரின் வாயை நாக்கில் நனைத்து ஒட்டினாள். "தாளு கனம் பத்தல அண்ணே."

இரண்டு பெயரே போதும் என்று கம்பெனி நினைத்திருக்க வேண்டும். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு புடவை வந்தது. மணவறையில் பார்த்தேன். அரக்குச் சிவப்பு படத்தைவிட ஆழம், நல்ல நெசவு. என் மாமா கடையில் அந்த விலைக்குத் துண்டுகூட வராது. தவணையையும் கருப்பம்மாள் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டி முடித்தாள். பினாங்கில் யாரும் இதற்காகக் கூட்டம் போட்டதாகத் தெரியவில்லை.

கமிட்டி எட்டாவது முறை கூடி, "மேற்படி கம்பெனி நாணயமானது" என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. பொருளாளர் சமர்ப்பித்த இறுதிக் கணக்கும் கைதட்டலோடு ஏற்கப்பட்டது:

வரவு, கருப்பம்மாள்: 90.00
டீ, பிஸ்கட், ஆறு கூட்டம் (என் கடை): 21.60
முத்திரை, டைப், தபால்: 9.50
ஈப்போ டாக்ஸி: 24.00
ஈப்போ சாப்பாடு: 11.30
நிபுணர் கருத்து (என் மாமா): 15.00
ட்ரங்க் கால், போக்குவரத்து: 8.00
ஒரு கவர், தபால்தலை (என் கடை): 0.60
பணம் மீதி: இல்லை.
நாணயம் கையிருப்பு: இல்லை.