திறப்பு விழாவுக்காகப் பூட்டிய வீடு

திறந்து கிடக்கிற வீட்டை யாராலும் திறந்து வைக்க முடியாது. இந்த மாபெரும் உண்மையைக் கவனிக்காமலேயே மனித குலம் இத்தனை காலமாக வீடு கட்டி, குடிபுகுந்து, பிள்ளை குட்டி பெற்று வாழ்ந்து வந்திருக்கிறது. அதை முதன்முதலில் கண்டுபிடித்து, கூட்டத்தில் எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு உலகுக்கு அறிவித்தவர் பாரம்பரிய இல்லப் பாதுகாப்புக் கமிட்டியின் செயலாளர். சும்மா சொல்லக் கூடாது, ஆளைப் பார்த்தால் அவ்வளவு மூளை இருக்கும் என்று தோன்றாது.

விஷயம் இதுதான். தெருமுனையில் ‘டாக்டரம்மா வீடு’ என்று ஒரு பழைய வீடு. நூறு வயதைத் தாண்டியது. டாக்டரம்மா இருந்த காலத்தில் நோயாளிகள் நேரம் காலம் பார்க்காமல் வந்து போனதால் வாசல் கதவைச் சாத்தும் வழக்கமே அங்கே இல்லை. அப்புறம் ஒரு பெருமழையில் கதவின் மரம் ஊதி, சாத்த வராமல் நின்றுவிட்டது. டாக்டரம்மா போய்ச் சேர்ந்ததும் வீடு நகராட்சியின் கைக்கு வந்தது. கதவு நின்றபடியே நின்றது, தெருக்காரர்களும் பழையபடி வந்து போனார்கள்.

ராத்திரி ஷிஃப்ட் முடித்து வரும் காவலாளி ஒருவர், நோயாளிகள் காத்திருந்த நீள பெஞ்சில் பகலெல்லாம் குறட்டை விடுவார். அவர் வீட்டில் பேரப்பிள்ளைகள் பட்டாளம். அங்கே பகலில் தூங்க நினைப்பதே பாவம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற இரண்டு பேர் மருந்து அறையில் கேரம் ஆடுவார்கள். முன்கூடத்துப் பெரிய ஜன்னலடியில் ஒரு பெண் தையல் மிஷின் போட்டு, பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொண்டிருப்பாள். அவள் குடியிருந்தது ஒரு அச்சகத்தின் பின்னால் ஒற்றை அறை. பகலிலும் விளக்குப் போட்டால்தான் ஊசியில் நூல் கோக்கலாம். மிஷினைப் போட்டால் கட்டிலைத் தூக்கி வெளியே வைக்க வேண்டும். ஆகவே அந்த ஜன்னல் வெளிச்சம்தான் அவளுடைய பிழைப்பு. அவள் வேறு யாருமல்ல, நம் செயலாளரின் கூடப்பிறந்த தங்கை.

இப்படி ஒரு வீடு யாருக்கும் பயன்படாமல் கிடக்கிறதே என்று செயலாளர் நெடுநாள் வருந்திக்கொண்டிருந்தார். குடிநீர் வழங்கல் அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். உத்தியோக காலத்தில் குழாய் திறப்பு விழா நடத்துவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. திறந்த குழாயில் தண்ணீர் வந்ததா என்பது வேறு பிரிவின் பொறுப்பு. அத்தனை விழா நடத்தியும் அவர் பெயர் ஒரு கல்லில்கூடப் பொறிக்கப்படவில்லை என்ற ஏக்கம் அவருக்கு உண்டு, அதில் ஒன்றும் தப்பில்லை.

அந்த நேரத்தில் பாரம்பரிய வாரியத்திலிருந்து நிதி வந்தது. வீட்டைப் பாதுகாக்க வேண்டும், சமூகத்துக்குத் திறந்து வைக்க வேண்டும் என்று நிபந்தனை. எதனால் திடீரென்று இந்தக் கருணை என்று கமிட்டி ஆராயவில்லை. “ஒரு நாள் ஒரு அம்மா வந்தாங்கண்ணா. பை வாரு அறுந்திருந்துச்சு. தைச்சுக் குடுத்தேன். ரொம்ப நேரம் ஸ்டூல்ல உக்காந்து வீட்டையே பார்த்துட்டிருந்தாங்க” என்று தங்கை சொல்லியிருந்தாள். பொறுப்பில் இருப்பவர்கள் பை வாருக்கெல்லாம் காது கொடுப்பதில்லை.

அந்த வீட்டின் பின்னறை ஒன்றையே கமிட்டி அறையாக்கிக்கொண்டு கூட்டம் கூடியது. தலைவர் வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு தலைமை தாங்கினார். செயலாளர் தம் கண்டுபிடிப்பை வெளியிட்டதும் தலைவர் ஒரு கண்ணைத் திறந்தார்.

“அப்ப முதல்ல மூடணுங்கிறீங்க.”

“மூடினாத்தானே திறக்க முடியும்?”

பொருளாளர் கொஞ்சம் யோசித்தார். செலவு என்றாலே கை வராத மனிதர். மூடிய பிறகு திறக்காமலே விட்டுவிட்டால் விழாச் செலவு மிச்சமாகுமே என்று கேட்டார். அது பாதுகாப்பின் ‘இரண்டாம் கட்டம்’ என்று சொல்லி அவரைச் சமாதானப்படுத்தினார்கள். தச்சர் வந்து கதவை இழைத்து, சாத்தும்படி செய்தார். கடையில் இருந்ததிலேயே பெரிய பூட்டு வாங்கப்பட்டது. மனிதர்கள் நடந்தால் தரை தேயும், உட்கார்ந்தால் பெஞ்சு தேயும், மூச்சு விட்டால் சுண்ணாம்பு உதிரும் என்று ஒரு நிபுணர் எங்கேயோ சொல்லியிருக்கிறாராம். எனவே வீட்டைச் சமூகத்துக்குத் திறப்பதற்கு முதல் படியாகச் சமூகத்தை வெளியேற்றுவது என்று ஏகமனதாக முடிவாயிற்று.

சொந்தத் தங்கை என்றும் பாராமல் செயலாளர் முதலில் அவளிடம்தான் போனார். நடுநிலைமை என்றால் அது நடுநிலைமை.

“நான் எங்கண்ணா போய்த் தைக்கிறது?” என்றாள் அவள், மிஷினை நிறுத்தாமல்.

“உங்களுக்காகத்தாம்மா வீட்டையே திறக்கப் போறோம்.”

“திறந்துதானே இருக்கு?”

“இது சும்மா திறந்து கிடக்குது. நாங்க திறக்கப்போறது முறைப்படி.”

அவள் காலை எடுத்தாள். மிஷின் நின்றது. “முறைப்படி திறந்தப்புறம் நான் உள்ள வரலாமா?”

“தாராளமா. வந்து பார்க்கலாம்.”

“எதைப் பார்க்க?”

“நீ உக்காந்து தைச்ச இடத்தை.”

மிஷினையாவது எடுத்துக்கொண்டு போகிறேன் என்றாள். செயலாளர் அதைச் சுற்றி வந்து பார்த்தார். அவர்களுடைய அம்மாவின் மிஷின் அது. அது ஓடித்தான் அவர் படித்தார், அது ஓடித்தான் அவருக்குப் பரீட்சைக் கட்டணம் கட்டினார்கள். ஐம்பது வருடத்துக்கு மேற்பட்டது என்பதால் அது ‘அரும்பொருள்’ என்றும், இடத்தைவிட்டு நகர்த்தக் கூடாது என்றும் அங்கேயே தீர்ப்புச் சொன்னார். தன்னைப் படிக்க வைத்த மிஷினைத் தங்கையின் கையிலிருந்து பிடுங்கி, மேலே ஒரு அட்டை மாட்டி, அம்மாவுக்குப் பட்ட நன்றிக்கடனை ஒரே நாளில் தீர்த்த பிள்ளையை வேறெங்கும் பார்க்க முடியாது.

பூட்டுத் தொங்கியது. காவலாளி வேலை நேரத்தில் தூங்கி விழுந்து, மேஸ்திரியிடம் வசவு வாங்கினார். கேரம் ஆட்டக்காரர்கள் வீட்டிலேயே இருந்து மருமகள்களிடம் புத்திமதி சொல்லி, இரண்டு குடும்பத்திலும் சண்டை மூட்டினார்கள். தங்கை வாசல் படியில் உட்கார்ந்து கையாலேயே பொத்தான் தைத்தாள். சீருடை ஆர்டர் வேறொருவருக்குப் போய்விட்டது. அவள் அழவில்லை. வயிறு எரிந்தது, அவ்வளவுதான்.

விழாவுக்கு நாள் குறித்த பிறகு வாரியத்தின் தலைமை அம்மையாரே தொலைபேசியில் பேசினார். விழாவுக்குத் தாமே வருவதாகச் சொன்னார். “நான் அன்னைக்குப் பார்த்தபடியே வீடு இருக்கணும். தைக்கிறவங்க, தூங்குறவர், கேரம் ஆடுறவங்க, எல்லாம்” என்றும் சொல்லி வைத்துவிட்டார்.

வேறொருவராக இருந்தால் பூட்டைத் திறந்து நாலு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்திருப்பார். செயலாளர் அப்படிச் சின்னத்தனமாகச் சிந்திப்பவரல்ல. பாதுகாப்பும் கெடக் கூடாது, பார்வைக்கும் சமூகம் இருக்க வேண்டும். துணிக்கடையில் கழித்துப் போட்ட பொம்மைகளைக் கேட்டு வாங்கி வந்தார். எல்லாம் வெள்ளை வெளேரென்று, நெடுநெடுவென்று, ஓயாமல் சிரித்துக்கொண்டிருந்தன. ஒன்றுக்குக் கை இல்லை. ஒன்றுக்கும் இடுப்பு மடங்காது. காவலாளியாக நியமிக்கப்பட்ட பொம்மை பெஞ்சில் படுத்தபடி ஒரு கையைத் தூக்கி பஸ்ஸை நிறுத்திக்கொண்டிருந்தது. தையல்காரப் பொம்மை உட்கார மறுத்ததால், மிஷினைத் தூக்கி மேசைமேல் ஏற்றினார்கள். ‘அந்தக் காலத்தில் நின்றுகொண்டுதான் தைத்தார்கள்’ என்று அட்டையில் ஒரு வரி சேர்க்கப்பட்டது. வரலாறு இப்படித்தான் வளர்கிறது.

பொம்மைகளுக்கு உடுப்பு வேண்டுமே. செயலாளர் வாசல் படிக்கு வந்தார்.

“என் இடத்துல நிக்கிற பொம்மைக்கு நானே துணி தைக்கணுமா அண்ணா?”

“உனக்குத்தானேம்மா அளவு தெரியும்.”

அவள் பொத்தான் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். சரி என்றாள். மிஷின் உள்ளே இருப்பதால் பின்கதவுச் சாவி வேண்டும் என்றாள். செயலாளர் கொடுத்தார். சத்தமில்லாமல் போய்ச் சத்தமில்லாமல் வர வேண்டும், சமூகம் உள்ளே புழங்குகிறது என்று தெரிந்தால் கமிட்டியின் மானம் போய்விடும் என்று எச்சரிக்கவும் செய்தார். துணிச் செலவைக் குறைக்கக் கமிட்டிக்காரர்கள் ஆளுக்கொரு பழைய உடுப்புத் தந்தால் நல்லது என்று அவள் சொன்னபோது பொருளாளர் நெகிழ்ந்தே போனார். தலைவர் தம் சால்வையைத் தந்தார். செயலாளர் தம் அலுவலகக் கோட்டைத் தந்தார். தங்கைக்கு எவ்வளவு பொறுப்பு என்று அவருக்கு உள்ளூர ஒரு பெருமை.

விழா நாள். வாசலில் கல்வெட்டு. அதில் செயலாளரின் பெயர் டாக்டரம்மா பெயரைவிடப் பெரிய எழுத்தில் இருந்தது. தலைமை அம்மையார் ஒரு குடையும் ஒரு பழைய பையுமாக வந்து இறங்கினார். குள்ளமான, அவசரமில்லாத பெண்மணி. சாவியை வாங்கிப் பூட்டைத் திறந்தார். எல்லோரும் கை தட்டினார்கள். கைதட்டல் ஓய்ந்ததும் உள்ளேயிருந்து குறட்டைச் சத்தம் கேட்டது.

பெஞ்சில் காவலாளி மல்லாந்து கிடந்தார். மருந்து அறையில் கேரம் காய் குழியில் விழுந்தது. ஜன்னலடியில் மிஷின் தரையில் இறங்கி நின்றது. தங்கை குனிந்த தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தாள்.

உண்மையைச் சொல்வதானால், இத்தனை நாள் இவர்களை வெளியே தள்ளிப் பூட்டியிருந்ததையும் சொல்ல வேண்டும். ஒரு பொது ஊழியன் இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வானோ அதையே அவரும் செய்தார்.

“எல்லாம் பொம்மைங்கம்மா.”

“குறட்டை விடுதே?”

“அது... பேட்டரி.”

“பேட்டரி தீரப்போகுது, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க” என்றார் காவலாளி, கண்ணைத் திறக்காமல்.

அம்மையார் தலையை ஆட்டிக்கொண்டார். நேரே ஜன்னலடிக்குப் போய், அன்றைக்கு உட்கார்ந்த அதே ஸ்டூலில் உட்கார்ந்தார். பையை எடுத்து நீட்டினார். “அன்னைக்குத் தைச்ச வாரு கெட்டியா இருக்கு. இந்தப் பக்கத்து வாரு விட்டுப்போச்சு.” பொம்மை பையை வாங்கி, ஊசியை மாற்றி, முன்னும் பின்னும் இரண்டு ஓட்டு ஓட்டித் திருப்பித் தந்தது.

“இதுவும் பேட்டரியா?” என்று அம்மையார் செயலாளரைக் கேட்டார்.

“ஆமாங்கம்மா” என்றார் அவர்.

கடைசியாகக் கமிட்டி அறை. செயலாளரே கதவைத் திறந்துவிட்டார். மேசையைச் சுற்றித் துணிக்கடைப் பொம்மைகள். தலைவரின் சால்வை போர்த்தியது நாற்காலியில் விறைப்பாகச் சாய்ந்து, மேல்கூரையைப் பார்த்துச் சிரித்தது. பொருளாளரின் சட்டைக்குள் கை இல்லாத பொம்மை. நடுவில், செயலாளரின் கோட்டு கனகச்சிதமாகப் பொருந்திய ஒன்று, ஒரு கையைத் தூக்கிக்கொண்டு, விரலில் பழைய சாவி ஒன்றை மாட்டிக்கொண்டு நின்றது.

அம்மையார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“இதுங்களுக்கு மட்டும் பேட்டரி போடலியா?”

செயலாளர் தம் கோட்டின் கையில் தொங்கிய நூலைத் தட்டிவிட்டார்.

“போடாதீங்க. இப்படியே அச்சு அசலா இருக்கு” என்றார் அம்மையார்.

வெளியே வந்து அவர் பேசியது மிகச் சுருக்கமான உரை. தாம் கண்டதில் ஒரு துரும்பையும் இனி அசைக்கக் கூடாது, அது வாரியத்தின் உத்தரவு என்றார். தைப்பது தைத்துக்கொண்டும் தூங்குவது தூங்கிக்கொண்டும் இருக்க வேண்டும். கமிட்டி அறையில் இருக்கும் மூவரை எக்காரணம் கொண்டும் எழுப்பி, அந்த நாற்காலிகளில் வேறு யாரும் உட்காரக் கூடாது. கூட்டம் கை தட்டியது. தலைவர் விழித்துக்கொண்டு, என்ன ஏது என்று தெரியாமல் அவரும் தட்டினார்.

மறுவாரமே மழை பிடித்துக்கொண்டது. இழைத்த கதவு மறுபடி ஊதி, சாத்த வராமல் நின்றது. பூட்டு இப்போது தங்கையிடம் இருக்கிறது; துணி வெட்டும்போது காற்றில் பறக்காமல் இருக்க அதைத்தான் மேலே வைக்கிறாள். சீருடை ஆர்டரும் திரும்பி வந்துவிட்டது.

ஒரு மத்தியானம் செயலாளர் வந்தார். கோட்டு இல்லாமல் ஆள் பாதியாகத் தெரிந்தார். அவள் உட்கார்ந்து பொத்தான் தைத்த அதே படியில் கொஞ்ச நேரம் நின்று, கல்வெட்டில் தம் பெயர்மேல் தெறித்திருந்த சேற்றைத் துடைத்துவிட்டு, உள்ளே எட்டிப் பார்த்தார்.

“வரலாமாம்மா?”

“இதென்ன கேள்வி? கதவு திறந்துதானே இருக்கு. வந்து பார்த்துட்டுப் போங்கண்ணா.”

“எதைப் பார்க்க?”

தங்கை ஊசியில் நூலைக் கோத்தாள்.

“நீங்க உக்காந்த இடத்தை.”

டாக்டரம்மா வீட்டைச் சமூகத்துக்குத் திறந்துவிட்ட பெருமை முழுவதும் செயலாளரையே சேரும். அவர் வெளியே போயிராவிட்டால் அது நடந்தே இருக்காது.