மின்னல் டாக்டரும் பச்சை நாடாவும்

நலமாக இருக்கிற, இனிமேலும் நலமாக இருந்தே ஆகவேண்டிய என் தங்கை மகன் மாப்பிள்ளைக்கு, உன் தாய்மாமன் சொல்லச் சொல்ல உன் அத்தை எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும், முக்கியமாக உன் அம்மாவின் இரண்டு கால்களும் சுகமா என்று அறிய ஆவல்.

ஆற்றுப் பாலத்தின் நடுத்தூண் உட்கார்ந்துபோய் ஊரே படகில் வேலைக்குப் போன வருஷம், நீ பிறந்து குப்புற விழப் பழகிக்கொண்டிருந்த மாசம், நான் ஸ்ட்ரெச்சர் தள்ளிய ஆஸ்பத்திரிக்கு ஒரு எலும்பு டாக்டர் புதிதாக வந்தார். ஒரு காலையில் பத்துப் பேரை அறுத்துத் தைத்து அனுப்புவார். நாங்கள் வைத்த பேர் மின்னல். அந்த மின்னலிடம்தான் வருகிற புதன்கிழமை உன் அம்மாவின் இடது முழங்காலைக் கொடுக்கப் போகிறாய். புகார் விசாரிக்கிற டாக்டர் சபைக்கே அவர்தான் தலைவர் என்று பெருமையாக வேறு எழுதியிருக்கிறாய். உன் அத்தை அதைப் படித்துக் காட்டியதும் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு, பேனாவை எடு என்றேன். போன் பண்ணினால் "மீட்டிங்ல இருக்கேன் மாமா"ன்னு வெச்சிடுவே. அதனாலதான் கடிதாசி, அதுவும் கூரியர்ல. திங்கட்கிழமை உன் கையில இருக்கும்.

கேளு. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதே தவிர, எந்தக் கட்டில்ல யார் படுத்திருந்தாங்கன்னு இப்பக் கேட்டாலும் சொல்லுவேன். மின்னல் வந்த முதல் மாசம் ஏழாம் கட்டில் தபால்காரருக்கு வலது முட்டிக்குப் பதிலா இடது முட்டியை அறுத்தார். அடுத்த மாசம் தையல்காரம்மாவுக்கும் அதே கதை. ஏன்னா அவர் கட்டிலோட கால்மாட்டுல நின்னு பார்ப்பார். அங்கேருந்து பார்த்தா அவங்க வலது இவருக்கு இடது. எக்ஸ்ரே படத்தையும் பார்க்கமாட்டார், படுத்திருக்கிறவங்களையும் கேட்கமாட்டார். பெரிய சிஸ்டர் போய் மேலதிகாரிகிட்ட சொன்னாங்க. "கை வேகமான டாக்டர், சிஸ்டர், கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க"ன்னுட்டார்.

சரி, நாங்களே அனுசரிச்சோம். பச்சை நாடா ஒரு சுருள் வாங்கி, ஆபரேஷனுக்குப் போறவங்க கால்ல கட்ட ஆரம்பிச்சோம். ஆண்கள் வார்டுல, அறுக்க வேண்டிய காலுக்கு நாடா. பெண்கள் வார்டுல, தொடக் கூடாத காலுக்கு நாடா. ரெண்டு வார்டுக்காரங்களும் கலந்து பேசிக்கவே இல்லை, அவங்கவங்க வழக்கத்தை மட்டும் மின்னல்கிட்ட சொல்லி வெச்சாங்க. இதை எழுதும்போதே உன் அத்தை தலையில அடிச்சுக்கறா. அடிச்சுக்கட்டும்.

அப்புறம் தச்சர் வந்தார். ஆண்கள் வார்டு, மூணாம் கட்டில், வலது முட்டி. கண் முழிச்சுப் பார்த்தார், இடது காலில் கட்டு. கத்தலை, கூச்சல் போடலை. "அண்ணே, என்னைக் கேட்டிருந்தா பென்சில்ல கோடு போட்டே குடுத்திருப்பேனே" என்றார். யாரோ நாடாவை மாத்திக் கட்டிட்டாங்க. அப்புறம் வலதையும் அறுத்தாங்க. அதுக்கப்புறம் அவர் ஏணி ஏறலை. உட்கார்ந்தபடி ஸ்டூல் செஞ்சார், கடைசி வரைக்கும் ஸ்டூல்தான்.

அவர் புகார் எழுதினார், நான் சாட்சி. விசாரிக்க மூணு பேர். ஒருத்தர் மின்னலோட படிச்சவர், ஒருத்தர் மின்னலுக்குப் பாடம் நடத்தினவர், இன்னொருத்தர் மின்னல் வீட்டு மாடியில குடியிருக்கிறவர். நான் ரேகை வெச்ச சாட்சித் தாளைத் தூக்கி வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்துட்டு, "ரேகை வலது பெருவிரல். சட்டப்படி இடது பெருவிரல்தான் வைக்கணும். செல்லாது" என்று சொன்னாங்க. முட்டிக்கு எந்தப் பக்கமா இருந்தாலும் பரவாயில்லை, விரலுக்கு மட்டும் பக்கம் தப்பக் கூடாதாம். புகார் தள்ளுபடி. மின்னலுக்குப் பதவி உயர்வு. அடுத்த ஊரில் இன்னொரு புகார், இன்னொரு உயர்வு. இப்படி ஏறி ஏறித்தான் புகார் விசாரிக்கிற நாற்காலிக்கே வந்து உட்கார்ந்திருக்கார். நீ அதை யோக்கியதைன்னு நினைச்சிருக்கே.

ஆகவே மாப்பிள்ளே, புதன்கிழமையை ரத்து பண்ணு. வேற டாக்டர்கிட்ட படத்தைக் காட்டு. உன் அம்மாவைக் கேட்டு, அவளை விட்டே "இந்தக் கால்"னு தொட்டுக் காட்டச் சொல்லு. ஏழு வயசுல என் முதுகுல ஏறி அந்தக் காலாலதான் என்னை உதைச்சு ஓட்டுவா. எனக்கு அது தெரியும், மின்னலுக்குத் தெரியாது.

உன் வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல். நீ எடுக்கும் நல்ல முடிவுக்கு என் ஆசீர்வாதம் இப்போதே உண்டு, கெட்ட முடிவுக்குக் கிடையாது.

இப்படிக்கு,
தாய்மாமன் (இடது பெருவிரல் ரேகை, உன் அத்தை ரெண்டு தடவை பார்த்து வைக்கச் சொன்னது)

பின்குறிப்பு: "பழைய கதை, யார்கிட்டே கேட்டு உறுதிப்படுத்தறது"ன்னு நீ சொல்லுவே, உன்னைத் தெரியும் எனக்கு. பெரிய சிஸ்டர் போய்ச் சேர்ந்தாச்சு. தபால்காரர், தையல்காரம்மா போயாச்சு. தச்சர் போன வருஷம் போனார். நாடாவை யாரோ மாத்திக் கட்டிட்டாங்கன்னு மேலே எழுதியிருக்கு இல்லையா, அந்த வரியை அடிச்சுடு. அன்னிக்குக் காலையிலதான் பெண்கள் வார்டுல இருந்து ஸ்ட்ரெச்சர் தள்ளுறவன் ஒருத்தனை ஆண்கள் வார்டுக்கு மாத்தினாங்க. அவன் பழக்கத்துல தச்சரோட நல்ல காலுக்கு நாடா கட்டினான். பயத்துல விசாரணையிலயும் சொல்லலை, தச்சர்கிட்டயும் சொல்லலை. மின்னல் படத்தைப் பார்த்திருந்தா அந்த நாடா ஒண்ணும் பண்ணியிருக்காது, அது வேற. இதை எழுதச் சொன்னதும் உன் அத்தை பேனாவைக் கீழே வெச்சுட்டா. முப்பத்தாறு வருஷமா அவளுக்கும் தெரியாது. இப்பத்தான் எடுத்தா. எழுதுடி. நாடா கட்டினவன் மட்டும் இன்னும் உயிரோட இருக்கான், எந்த விரலைக் கேட்டாலும் வெக்கிறான். உன் மாமன்.