வழுக்கையில் ஒட்டிய பொட்டு

உடையைப் பற்றி அடுத்தவருக்குப் புத்தி சொல்கிறவன் முதலில் கண்ணாடி முன் நிற்க வேண்டும். அன்று நானும் நின்றேன். டை நேராக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். (சீவ ஒன்றுமில்லாதவன் தலையை எதற்குப் பார்ப்பான்?)

அப்போது கோவையில் ஒரு பம்பு கம்பெனியில் ஆள் எடுக்கும் அதிகாரி நான். வரவேற்பாளர் வேலைக்கு இன்டர்வியூ நடந்த நாள். வாட்ச்மேன் முதல் டீ கொண்டுவரும் அம்மா வரை எல்லோரும் என் கண்ணுக்கு மேலேயே பார்த்துப் பேசினார்கள். பதவிக்குத் தரும் மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். டிரைவர் மட்டும், "சார் இன்னைக்கு ஒரு களையா இருக்கறீங்க" என்றார். நன்றி சொன்னேன்.

கடைசியாக வந்தவள் செல்வி. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் உக்கடம் வந்து இறங்கியிருந்தாள். கேட்டதற்கெல்லாம் தெளிவான பதில். ஆனால் சரிகை மின்னும் பட்டுப்புடவை.

"ஏம்மா, கல்யாணத்துக்குக் கிளம்பினியா, இன்டர்வியூவுக்கா?"

"அக்கா கல்யாணப் பொடவைங்க சார். ஊட்டுல இருக்கறதுலயே நல்லது இதுதானுங்க. எங்கப்பா தோப்புல தேங்கா உரிக்கறாருங்க, முதுகு போச்சுங்க. இந்த வேலை கெடச்சா அவரை நிறுத்திப்போடலாமுங்க."

முதல் பார்வையிலேயே ஒருவரின் தகுதி தெரிந்துவிடும் என்று நான் நெடுநேரம் பிரசங்கம் செய்தேன். அவள் பார்வையும் என் நெற்றிக்கு மேலேயே நின்றது.

"தப்பா நெனைக்காதீங்க சார். தலையில பொட்டு ஒட்டியிருக்குதுங்க."

தடவினேன். என் மனைவியின் ஸ்டிக்கர் பொட்டு, பெரிய சைஸ். துண்டில் ஒட்டிக் கிடந்தது தலைக்குக் குடிவந்திருக்கிறது. எங்கள் ஊர் மரியாதையில் ஒரு ஆபீஸே வாயை மூடிக்கொண்டிருந்தது.

இன்றும் வெளியே கிளம்பினால் மனைவி, "ஏனுங்க, குனியுங்க, பொட்டு இருக்குதான்னு பாக்கறேன்" என்பாள். பேத்தி ஒட்டியே விடுவாள். வீடே சிரிக்கும், நானும் சிரிப்பேன்.

அவர்களிடம் சொல்லாத பாதி ஒன்று உண்டு. பொட்டைப் பிய்த்து மேஜைக்கடியில் ஒட்டிவிட்டு, "தகவல் சொல்றோம்" என்றேன். "சரிங்க சார், வாரேனுங்க" என்று கும்பிட்டுப் போனாள். தகவல் போகவே இல்லை. புடவை ஒரு சாக்கு. தினமும் வாசலில் அவள் என் தலையைப் பார்ப்பாளே என்ற பயம்தான். வேலையை, அழகாக உடுத்தி வந்த வேறொரு பெண்ணுக்குக் கொடுத்தேன். (அவளும் பொட்டைப் பார்த்திருப்பாள், சொல்லவில்லை.)

பேத்தி ஒட்டும் பொட்டை நான் எடுப்பதில்லை, தானாக விழும்வரை விட்டுவிடுகிறேன். தாத்தாவுக்குப் பொட்டு பிடித்துப்போய்விட்டது என்கிறார்கள்.